நின்றான் என்று ஒரு பாட்டு

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் ஃபேக்டரியில், ஆவடியில், செக்கிங் பிரிவில் இருந்தவள் நான். சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் பிரிகிறதா என்று இழுத்து இழுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ரிட்டயர் ஆகியும் அந்தக் கை அடங்கவில்லை. வண்டிக்காரரிடம் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பேன். எங்கள் தெருவில் நுழைந்ததும் அவர் வண்டியை வேகமாகத் தள்ள ஆரம்பித்துவிடுவார். ஆகவே அந்தத் தம்பி எங்கள் சபைப் பாடகர் குழுவில் வந்து சேர்ந்த அன்றே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

வேப்பம்பட்டில் வாடகை வீடு, மின்சார ரயிலில் வருகிறேன் என்றான். மேல்நாட்டு சங்கீதம் படித்தவன், சின்னச் சின்னதாகப் படமும் எடுத்திருக்கிறான். கிறிஸ்தவக் குடும்பமும் இல்லை. இப்படிப்பட்டவனுக்குச் சேக்காட்டுச் சபையில் வந்து டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாட என்ன தலையெழுத்து? பாஸ்டரிடமே கேட்டேன். "ஆண்டவர் யார எப்படி கூட்டிட்டு வருவார்னு நமக்கென்ன தெரியும் சிஸ்டர்" என்றார். அவருக்கு டெனர் கிடைத்த சந்தோஷம். எங்கள் குழுவில் இருந்த டெனர்கள் எல்லாம் மகன் வீடு, மகள் வீடு என்று பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள்.

கொஞ்ச நாளில் அவன் வேலையைக் காட்டினான். வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஓர் ஆப்பரா போடலாம் என்றான். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு, பின்னால் வெள்ளைத் திரையில் சினிமா ஓடும், முடிவு சோகம் என்றான். எங்கள் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடும் ஷேர் ஆட்டோக்காரர் கையைத் தூக்கினார். "அப்போ வண்டில ஆள் ஏத்தும்போதுகூட பாடிகினேதான் ஏத்தணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கதை என்னவென்று கேட்டேன்.

சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு பையன், மழை, சிக்னல், லாரி என்றான்.

என் தங்கை மகன் போன வருஷம் அப்படித்தான் போனான். சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கத்து சிக்னலில், மழை பெய்த ஒரு சாயங்காலம். ஒரே பிள்ளை. தங்கைக்குக் கணவரும் இல்லை. கள்ளிக்குப்பத்தில் அவனும் அவளும்தான் இருந்தார்கள்.

செத்ததோடு விட்டதா ஊர்? அவன் சிவப்பில் தாண்டினான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. சிக்னலில் இருந்த கேமரா வேலை செய்யவில்லை. லாரிக்காரன் தன் பக்கம் பச்சை என்றான். பார்த்தவன் என்று ஒருத்தனும் வரவில்லை, ஆனால் பேசாத வாய் இல்லை. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் ஓர் அம்மாள் என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேகமா போயிட்டானாமே, பாவம்" என்றாள். ஆறுதலாம்! தங்கை அந்த இடத்திலேயே சத்தமாகச் சொன்னாள்: "என் புள்ள நின்னான்." அன்றைக்குக் கோயிலுக்கு வருவதை விட்டவள்தான். எங்கள் குழுவிலேயே நல்ல சொப்ரானோ, பெண்களின் மேல்குரல், அவளுடையதுதான். வீட்டில் முணுமுணுக்கக்கூட மாட்டேன் என்று ஆகிவிட்டாள். யார் போனாலும் அந்த ஒரே வார்த்தை: நின்னான், நின்னான்.

எனக்கு? சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பயல் வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். மஞ்சள் விழுந்தால் அவன் கை ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். "டேய், நிறுத்துடா எருமை" என்று முதுகில் குத்துவேன். "பெரிம்மா, கண்ண மூடிக்கோ" என்பான். என் தங்கை நின்றான் என்று சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டுவேன். ஆட்டும்போதே உள்ளே ஒரு புழு நெளியும்.

இந்த நிலையில் தங்கையிடமிருந்து போன். "அக்கா, உங்க சர்ச்லேர்ந்து ஒரு தம்பி வந்திருக்கு. அம்மா வேஷத்துல பாடக் கூப்பிடுது." கையில் இருந்த மாவைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஷேர் ஆட்டோ பிடித்து ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொன்று மாறிப் போனேன். போய்ப் பார்த்தால், எங்கள் பையன் எப்போதும் உட்கார்ந்திருந்த அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இவன் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடிக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியோடு தூக்கி வெளியே போட்டிருப்பேன்.

"இது இவ கதையா தம்பி?"

"இல்ல ஆன்ட்டி. எல்லா ஊர்லயும் நடக்குற கதை. டைம் ஆச்சுன்னா அந்த ஆப் விடாது, ஓட வெச்சுட்டே இருக்கும். விழுந்தா சுத்தி நின்னு போன்ல படம் எடுப்பாங்க. அடுத்த நிமிஷமே அவன் ஆர்டர் வேற ஒருத்தனுக்குப் போயிரும். அதத்தான் எழுதியிருக்கேன்."

"எல்லா ஊர்லயும் நடந்தா, எல்லா ஊர்லயும் பாடுறதுக்கு ஆள் இருக்குமே. இங்க எதுக்கு வந்த?"

"இவங்க குரலைப் பத்தி எல்லாரும் சொன்னாங்க."

அவன் போனதும் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்டான்? போட்டோ கேட்டானா? "கேட்டுது. நான் குடுக்கல" என்றாள். பார்த்தீர்களா! திரையில் எங்கள் பிள்ளை முகத்தைப் போட்டு ஊரை அழவைக்கப் போகிறான் என்று எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ஒத்துக்கொள்ளாதே என்றேன். தங்கை என்னைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அதுல அம்மாவுக்கு ஒரு பாட்டு இருக்குக்கா. 'என் பிள்ளை நின்றான்'னு. அத மேடைல நின்னு, அந்த செருப்புகிட்ட நின்னு பேசினாளுங்களே, அவளுங்க முன்னாடி பாடணும். ஒரு தடவை பாடிட்டா போதும். பாடுறப்ப நடுவுல யாரும் பேச முடியாது இல்ல?"

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவள் ஒரு வருஷம் கழித்து வாயைத் திறக்கிறேன் என்கிறாள். ஆனால் அவனை விடுவதாக இல்லை நான்.

ஒரு நாள் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது, அதே சிக்னலில் அவன் கேமராவும் முக்காலியுமாக நிற்பதைப் பார்த்தேன். உடனே இறங்கினேன். இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று, கையில் காய்கறிப் பையோடு, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். எதை எடுக்கிறான், யாரிடம் பேசுகிறான், எங்கள் பையன் விழுந்த இடத்தில் பூ கீ வைக்கிறானா? ஒன்றும் இல்லை. விளக்கு மாறுவதையும் வண்டிகள் உறுமுவதையும் எடுத்துக்கொண்டிருந்தான். இளநீர்க்காரர்தான் காட்டிக்கொடுத்தார். "இன்னாம்மா, எளநி வேணுமா, இல்ல சும்மா ஒளிஞ்சிகினு கீறியா?" அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தேவையே இல்லாமல் ஓர் இளநீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒத்திகையில் அடுத்த சண்டை. ஊர்க்காரர்கள் கூட்டமாகப் பாடும் ஒரு பாட்டு, 'அவன் சிவப்பைத் தாண்டினான்' என்று முடிகிறது. ஊர்க்காரர்கள் யார் என்றால் நாங்கள், பாடகர் குழு. ஆல்டோவில், பெண்களின் கீழ்க்குரலில், சுருதி தவறாமல் நிற்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அதாவது என் தங்கை மகன் மேல் அந்தப் பழியை நானே பாட வேண்டும். பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"தம்பி, அவன் தாண்டினான்னு யார் சொன்னா?"

"கதையில ஊர் சொல்லுது ஆன்ட்டி. அதுக்கு அம்மா பதில் சொல்றாங்க. படத்துல ரெண்டையும் காட்ட மாட்டேன்."

"அப்ப ஊர எதுக்குப் பாட வைக்கிற? அம்மா மட்டும் பாடட்டுமே?"

"தப்பே பண்ணாதவன் செத்தா அது வெறும் ஆக்சிடென்ட். ஒருவேளை சின்னதா ஒரு தப்பு பண்ணியிருப்பானோன்னு இருந்தாத்தான் டிராஜடி."

"உன் டிராஜடில மண்ணப் போட!" என்று கத்திவிட்டேன். கோயில் ஹால் என்பதும் மறந்து போயிற்று. ஆட்டோக்காரர் என்னைத் தனியாக அழைத்துப்போய் தண்ணீர் கொடுத்தார். "இன்னா சிஸ்டர், அந்த ஆளையே நோண்டிகினு கீறீங்க? உங்க தங்கச்சியே கம்முனு கீது. உங்களுக்கு இன்னா?" எனக்கு என்ன? அந்த வரியைப் பாட என் வாய் கூசியதற்கு, அது பொய் என்பது காரணம் இல்லை. பொய்யாக இல்லாமல் போய்விடுமோ என்பதுதான். அதை ஆட்டோக்காரரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

கடைசியில் உட்கார்ந்தேன். ஆனால் படத்தை முழுக்கக் காட்டினால்தான் பாடுவேன் என்றேன். லேப்டாப்பில் காட்டினான். மழைத்தண்ணீர் வழியும் ஹெல்மெட் கண்ணாடி, படி ஏறும் கால், லிஃப்டில் ஏற்ற மாட்டேன் என்று கை நீட்டும் காவலாளி, விளக்கு. எங்கள் பையன் முகம் எங்கேயும் இல்லை. நடுவில் ஓர் இடத்தை மட்டும் தள்ளிவிட்டான். "அது இன்னும் முடியல ஆன்ட்டி." எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேதான் போட்டோ வரப்போகிறது. எங்கேயாவது திருடி வைத்திருக்கிறான். விழா அன்று வரை எனக்கு அந்தத் துண்டுதான் நினைப்பு.

விழா அன்று சாயங்காலம் ஹால் நிரம்பி, ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். நடுவே ஹெல்மெட் பற்றி இரண்டு வார்த்தை பேசுவேன் என்று பாஸ்டர் பிடித்த பிடியை எப்படியோ தளர்த்தி, முதலிலேயே பேசவிட்டு முடித்திருந்தார்கள். அன்று செருப்பு மாட்டுகிற இடத்தில் பேசிய அம்மாள் முன்வரிசையில் பட்டுப்புடவையோடு. நாங்கள் மேடையில் ஒரு பக்கமாக நின்றோம். தங்கை மறுபக்கம், சாதாரண கைத்தறிப் புடவையில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.

ஒன்று சொல்ல வேண்டும், அவன் நன்றாகத்தான் செய்திருந்தான். பையனாகப் பாடியவன் அவனே. விழுந்த பையனைச் சுற்றி எங்கள் குழுவே செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாடியபோது, ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது வரும் அந்த போட்டோ?

அவன் எழுந்து கீபோர்டுக்குப் போக, ஊர்க்காரர் பாட்டு ஆரம்பித்தது. திரையில் வந்தது எங்கள் பையன் முகம் இல்லை. என் முகம்.

இளநீர் வண்டிக்குப் பின்னால், காய்கறிப் பையோடு, கண்ணை இடுக்கி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, மேடையை விடப் பெரிதாக நான். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறான், பாவி. ஊர் எப்படிப் பார்க்கும் என்று காட்ட என் மூஞ்சிதான் கிடைத்தது அவனுக்கு. யாரோ என்னை அடையாளம் கண்டு சிரிப்பதும் கேட்டது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பாடிக்கொண்டிருந்தேன். என் தலைக்குப் பின்னால் என் முகமே என்னைச் சந்தேகமாகப் பார்க்க, 'அவன் சிவப்பைத் தாண்டினான்' என்று நாலு குரலும் சேர்ந்து முடித்தோம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாடகர் குழு கீதம் பாடி, ஃபா சுரத்திலிருந்து டோ சுரத்துக்கு இறங்கி வந்து நின்றால், சபையார் அத்தனை பேரும் அதே சுருதியில் 'ஆமென்' என்று இழுத்துப் பாடுவார்கள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது. தூங்கிக்கொண்டிருக்கும் தாத்தாக்கள்கூடச் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்கள். கோயில் வாடையே படாத அந்தத் தம்பி, கனமாக இருக்கட்டும் என்று அந்தப் பாட்டை அப்படியே கீதம் மாதிரி முடித்திருந்தான். ஒத்திகையில் எதிரே சபை இல்லாததால் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

அவன் சிவப்பைத் தாண்டினான்.

"ஆ... மென்" என்றது ஹால் முழுவதும். ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களும் சேர்ந்து.

சொல்லி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் திக்கென்றது. ஒருத்தி வாயைப் பொத்தினாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அடங்கிப்போனார்கள். ஆல்டோ ஆமென் என் தொண்டையிலிருந்துதான் வந்திருந்தது.

தங்கை நேராக மேடையின் நடுவுக்கு வந்தாள். அவள் பாட்டுக்கு முன் கீபோர்டு கொஞ்சம் வாசிக்க வேண்டும். அதற்குக் காத்திருக்கவில்லை. பாடவும் இல்லை, பேசினாள்.

"யாரு பாத்தீங்க?"

ஹாலை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"ஆமென் சொன்னீங்களே, யாரு பாத்தீங்கன்னு கேக்குறேன். பாஸ்டர், நீங்க பாத்தீங்களா?"

பாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "இல்லம்மா."

முன்வரிசைப் பட்டுப்புடவையைக் கை காட்டினாள். "நீங்க?" அந்த அம்மாள் தலையைக் குனிந்து இல்லை என்றாள். அடுத்தவர். அதற்கடுத்தவர். இல்லம்மா, இல்லம்மா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சிலர் இது நாடகத்தில் வருகிறது என்று நினைத்துச் சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். தம்பி கீபோர்டில் கையை வைத்தபடி முழித்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ பாத்தியா?"

"இல்லடி."

"அப்புறம் எதுக்கு ஆமென் சொன்ன? அவங்க பழக்கத்துல சொன்னாங்க. நீ இங்க மேடைல நிக்கிற. உனக்கு இது என்ன பாட்டுன்னு தெரியும்."

"வாய் பழக்கம்டி" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தம்பியிடம், "வாசி" என்றாள்.

பாடினாள். எப்படிப் பாடினாள் என்று எழுத எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் பூட்டி வைத்த குரல், மேலே போகும்போது ஓர் இடத்தில் உடைந்தது. அவள் அதைச் சரிசெய்யாமல் உடைந்தபடியே கொண்டுபோனாள். என் பிள்ளை நின்றான், விளக்கு சொன்னபடி நின்றான், மழையில் நனைந்து நின்றான். முடிவில் அவளும் அதே ஃபாவிலிருந்து டோவுக்கு இறங்கி வந்து நின்றாள். இரண்டு பாட்டையும் ஜோடியாக அமைத்திருந்தான் அவன்.

ஹாலில் சத்தமே இல்லை. பயந்துவிட்டார்கள். இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று அத்தனை பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாண்டினான் என்றதற்கு ஆமென் சொன்ன ஊர், நின்றான் என்றதற்கு ஊமையாக இருந்தது. அவள் நின்றாள். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கீழே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீபோர்டு ஓய்ந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆமென் என்றேன். தனியாக, என் ஆல்டோ சுருதியில். துணைக்கு ஆட்டோக்காரரின் பேஸ் வந்தது. அப்புறம் ஹால்.

பின்னால் ஞாயிறு பள்ளி அறையில் அவளுக்கு நான்தான் மேக்கப் துடைத்துவிட்டேன். குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். வெளியே கைதட்டலும், தம்பியைச் சுற்றி ஆட்கள் பேசுவதும் கேட்டது. படத்தில் என் மூஞ்சியைப் போட்டதற்கு அவனை என்ன செய்யலாம் என்று நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ நம்பலதானக்கா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கூடப் பிறந்தவளிடம் எடுபடாது. "தெரியலடி" என்றேன். "அவன் பின்னாடி உக்காந்து போயிருக்கேனே."

"நானுந்தான் போயிருக்கேன்."

நான் பஞ்சைக் கீழே வைத்தேன்.

"நான் மட்டும் நம்பித்தான் பாடினேன்னு நெனச்சியா?" என்றாள் தங்கை. அவள் அழவில்லை. "அத்தன பேரும் தாண்டினான்னு சொல்றாங்க. அவனுக்குன்னு ஒருத்தி நின்னான்னு சொல்ல வேணாமா? பெத்தவ சொல்லலன்னா வேற யாருக்கா சொல்லுவா?"

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.